பழைய மசில் காரை மீட்டு ஓட்ட நினைப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மிஷிகனில், டெட்ராய்ட்டிலிருந்து முக்கால் மணி நேரத் தொலைவில் குடியிருக்கிறேன். என் கராஜில் 1969 செவ்ரலே கமாரோ ஒன்று நிற்கிறது. ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு பண்ணைக் கொட்டகையிலிருந்து இழுத்து வந்தேன். 307 கன அங்குல வி8, இரண்டே கியர் உள்ள பவர்கிளைடு ஆட்டோமேட்டிக். அந்த வருடத்துக் கமாரோக்களில் சாதாரண வகை. அதைப் பார்த்துவிட்டு நம் ஆட்கள் பலர் போன் செய்து கேட்கிறார்கள். சிலர் வாங்கும் முன், சிலர் வாங்கி மாட்டிக்கொண்ட பின். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

மசில் கார் என்று எதைச் சொல்கிறார்கள்?

நடுத்தர அளவுள்ள இரண்டு கதவு காரில், பெரிய காருக்கென்று செய்த வி8 இன்ஜினைப் போட்டு, வேலைக்குச் சேர்ந்த இளைஞன் வாங்கக்கூடிய விலையில் விற்றார்கள். அதுதான் மசில் கார். 1964 போன்டியாக் ஜிடிஓவைத்தான் பெரும்பாலும் தொடக்கமாகச் சொல்வார்கள். நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் போடக்கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸில் அப்போது ஒரு விதி இருந்தது. போன்டியாக்காரர்கள் 389 கன அங்குல இன்ஜினை டெம்பெஸ்ட் காருக்கு ஒரு ‘ஆப்ஷன்’ என்று எழுதி உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். ஃபோர்டின் மஸ்டாங், செவ்ரலேயின் கமாரோ இரண்டும் கொஞ்சம் சிறியவை. அவற்றைப் ‘போனி கார்’ என்று தனியாகப் பிரிப்பவர்கள் உண்டு. வேலை என்று வரும்போது எல்லாம் ஒன்றுதான்.

உச்சம் 1970. செவ்ரலேயின் செவல் எஸ்எஸ் (‘சூப்பர் ஸ்போர்ட்’ என்ற வேகமான வகை) காரில் 454 கன அங்குல எல்எஸ்6 இன்ஜினுக்கு 450 குதிரைத்திறன் என்று அறிவித்தார்கள். 1971இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்ப்ரஷனைக் குறைத்தது, இன்சூரன்ஸ் ஏறியது, 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. பழைய எண்களைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 1971 வரை சொன்னது, இன்ஜினை வெறுமையாக ஸ்டாண்டில் ஓட்டி அளந்த கணக்கு. 1972இலிருந்து ஏர் ஃபில்டர், சைலன்சர் எல்லாம் மாட்டி அளந்தார்கள். கார்வெட்டின் எல்டி-1 இன்ஜின் 1971இல் பழைய கணக்குப்படி 330, புதுக் கணக்குப்படி 275. இன்ஜின் அதேதான்.

வாங்கப் போகும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

துருவை. இன்ஜின் சத்தம், பெயின்ட் பளபளப்பு எல்லாம் அப்புறம். இன்ஜினைப் பணம் கொடுத்து மாற்றிவிடலாம். அரித்துப்போன பாடி உங்கள் வருடங்களைத் தின்னும்.

ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். பின் மட்கார்டின் கீழ்ப்பகுதி, சக்கர வளைவின் ஓரம், கதவின் அடி, பின் கண்ணாடியின் கீழ் மூலைகள், இங்கெல்லாம் வைத்துப் பாருங்கள். காந்தம் பிடிக்காமல் வழுக்கினால் உள்ளே இருப்பது பட்டி. டிக்கிக்குள் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். மேலே வினைல் கூரை ஒட்டியிருந்தால் அதன் அடியில் ஈரம் தேங்கியிருக்கும் என்றே கணக்கு வையுங்கள்.

பலரும் விட்டுவிடும் இடம் ஒன்று உண்டு. முன் கண்ணாடிக்குக் கீழே, பானெட் முடியும் இடத்தில் காற்று உள்ளே போகச் சல்லடை போல ஒரு பகுதி இருக்கும். அதை ‘கவுல்’ என்கிறார்கள். இலை, தூசி விழுந்து ஈரத்தோடு மக்கி உள்ளேயே துரு பிடிக்கும். வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. விற்பவரிடம் அனுமதி கேட்டு, ஒரு குடம் தண்ணீரை அதில் மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள். நீங்கள் உள்ளே குனிந்து, டேஷ்போர்டுக்கு அடியில் கால் வைக்கும் இடத்தில் கையை வையுங்கள். கை நனைந்தால் விலையைப் பற்றி வேறு மாதிரி பேச வேண்டும். என் காரில் வலது பக்கம் சொட்டியது. அதை அடைக்க ஒரு குளிர்காலம் முழுக்கப் போனது.

கமாரோவில் முன்பக்கத் துணைச்சட்டம் பாடியோடு போல்ட்டில் சேரும் இடங்களையும், மஸ்டாங்கில் முன் தரையின் ஓரத்தில் பாடியைத் தாங்கும் பெட்டி போன்ற டார்க் பாக்ஸையும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் திரும்பி வந்துவிடுங்கள்.

“இது ஒரிஜினல் எஸ்எஸ்” என்கிறார் விற்பவர். எப்படி நம்புவது?

1969 கமாரோவின் வின் எண்ணை, அதாவது காரின் அடையாள எண்ணை, வைத்து நம்ப முடியாது. அன்றைய வின் 13 இடம்தான் (17 இடம் 1981இல்தான் வந்தது). 12437 என்று தொடங்கினால் வி8 கூப்பே. அடுத்த 9 என்பது 1969. அதற்கடுத்த எழுத்து ‘என்’ என்றால் ஓஹையோவின் நார்வுட் தொழிற்சாலை, ‘எல்’ என்றால் கலிபோர்னியாவின் வான் நைஸ். எஸ்எஸ்ஸா, இசட்/28 என்ற இன்னொரு வேக வகையா என்று அதில் ஒரு எழுத்தும் சொல்லாது. அதனால்தான் சாதாரண கமாரோவுக்கு எஸ்எஸ் பட்டை ஒட்டுவது அவ்வளவு சுலபமாக நடக்கிறது. கிரைஸ்லர் கார்களில் வின்னின் ஐந்தாவது எழுத்தே இன்ஜினைச் சொல்லிவிடும். 1970இல் ‘ஆர்’ இருந்தால் 426 ஹெமி. ஃபோர்டிலும் ஐந்தாவது எழுத்துதான். மஸ்டாங்கில் ‘கே’ என்றால் 271 குதிரைத்திறன் 289.

செவ்ரலேயில் இன்ஜினைப் பார்க்க வேண்டும். வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் பிளாக்கில் ஒரு தட்டையான மேடை இருக்கும். பல கார்களில் அதில் வின்னின் கடைசி எண்கள் பொறித்திருக்கும். எண் பொருந்துகிறதா என்பதோடு நிற்காதீர்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், தொழிற்சாலையில் கடைந்தபோது விழுந்த மெல்லிய இணைகோடுகள் தெரிய வேண்டும். மேடை கண்ணாடி போல வழவழப்பாகவோ உப்புத்தாள் தேய்த்தது போலவோ இருந்தால், இழைத்துவிட்டுப் புதிதாக எண் அடித்திருக்க வாய்ப்பு உண்டு. இன்ஜின் வேலை செய்தபோது பிளாக்கை நேர்மையாகவே கடைந்திருக்கவும் கூடும். ஆனால் அதற்கு அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை.

காகிதம் கிடைத்தால் இன்னும் நல்லது. 1967இலிருந்து வந்த ஃபோர்டுகளுக்கு, தொழிற்சாலைப் பதிவிலிருந்து எடுத்துத் தரும் மார்ட்டி ரிப்போர்ட் கிடைக்கும். தொழிற்சாலையில் காரோடு பயணித்த பில்ட் ஷீட் சில கார்களில் சீட் ஸ்பிரிங்கிலோ பெட்ரோல் டேங்கின் மேலோ ஒட்டிக்கொண்டு இன்றும் இருக்கிறது. சீட்டைக் கழற்றும்போது பழுப்புக் காகிதம் எதையும் குப்பையில் போடாதீர்கள்.

20 வருடம் ஓடாத இன்ஜின். பேட்டரி மாட்டிச் சாவியைத் திருப்பலாமா?

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவசரத்தில் ஒட்டிக்கொண்ட பிஸ்டன் ரிங்கை உடைத்தவர்களை எனக்குத் தெரியும்.

எட்டு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் துரு இளக்கும் எண்ணெயைக் கொஞ்சம் ஊற்றி நாலைந்து நாள் விடுங்கள். பிறகு முன்னால் கிராங்க் போல்ட்டில் நீளமான கைப்பிடி மாட்டிக் கையால் சுற்றிப் பாருங்கள். அசையவில்லை என்றால் இன்னும் எண்ணெய், இன்னும் ஒரு வாரம். என் இன்ஜின் 11ஆம் நாள்தான் கொடுத்தது. முதலில் ஒரு விரல் அகலம், அப்புறம் பின்னால் ஒரு விரல். அன்றைக்கு இரவு கராஜில் நான் போட்ட சத்தத்தில் மனைவி இறங்கி ஓடிவந்தாள்.

சுற்ற ஆரம்பித்ததும் பழைய ஆயிலை இறக்கி ஃபில்டரை மாற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு, அந்தத் துளை வழியாகப் பிரைமர் தண்டை டிரில்லில் மாட்டி ஆயில் பம்பைச் சுற்றினால், ராக்கர் வரை எண்ணெய் ஏறும். காய்ந்த பேரிங் அப்போதுதான் தப்பிக்கும். எடுக்கும் முன் ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய டேங்கில் இருக்கும் பெட்ரோல் வார்னிஷ் ஆகியிருக்கும். அதைத் தொடாமல், தனிக் கேனிலிருந்து புது பெட்ரோல் கொடுங்கள். ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். இங்கே விற்கும் பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் இருக்கிறது.

செவ்ரலே வி8இன் ஃபயரிங் ஆர்டர் 1-8-4-3-6-5-7-2. ஓட்டுநர் பக்கம் முன்னிருந்து 1, 3, 5, 7. இதில் 5உம் 7உம் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள், அடுத்தடுத்து எரிபவை. இரண்டின் வயரையும் ஒட்டி ஓட விட்டால் ஒன்றின் பொறி மற்றதற்குத் தாவி மிஸ்ஸிங் வரும். ஒரு விரல் இடைவெளி விடுங்கள்.

முழுக்கப் பிரித்துப் போட்டுவிட்டு ஒரேயடியாகச் செய்வதுதானே நல்லது?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன். என் பதில், கூடாது.

ஒரு காரை மூன்று வார இறுதியில் பிரித்துவிடலாம். சேர்க்க மூன்று வருடம் ஆகும். நடுவில் வேலை மாறும், குழந்தை பிறக்கும், ஊரிலிருந்து அம்மா அப்பா வருவார்கள். பெட்டிக்குள் போன கார் பெரும்பாலும் பெட்டியாகவே இன்னொருவருக்கு விற்கப்படுகிறது. விற்பனை விளம்பரங்களைப் பாருங்கள்: “90 சதவீதம் பாகங்கள் உள்ளன” என்ற வரிக்குப் பின்னால் ஒரு மனிதரின் நின்றுபோன ஆசை இருக்கிறது.

கார் தானாக நகர வேண்டும், திரும்ப வேண்டும், நிற்க வேண்டும். இந்த மூன்றையும் முதலில் செய்யுங்கள். அதன்பின் எந்த வேலையும், ஓடுகிற காரின் மேல் ஒரு பகுதிக்கு மட்டும். மிஷிகன் சாலையில் நவம்பரிலிருந்து உப்புக் கொட்டுவார்கள். ஏப்ரல் மழை கழுவும் வரை பழைய கார் வெளியே போகாது. அந்த ஐந்து மாதத்துக்கு ஒரே ஒரு வேலை என்று வைத்துக்கொண்டேன். முதல் குளிர்காலம் பிரேக், அடுத்தது தரையும் கவுலும், அதற்கடுத்து இன்ஜின், பிறகு வயரிங். ஒவ்வொரு மே மாதமும் கார் ஓடியது. அசிங்கமாக, மூன்று நிறத்தில், ஆனால் ஓடியது. அந்த மே மாதம் இல்லாவிட்டால் இரண்டாவது வருடமே விட்டிருப்பேன்.

கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் ஜிப் பையில் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி வையுங்கள். மட்கார்டு, பானெட் கீல், கதவு, இவற்றின் அடியில் மெல்லிய தகடுகள், அதாவது ஷிம், இருக்கும். எந்த இடத்தில் எத்தனை என்று போட்டோ எடுங்கள். தகடு ஒன்று மாறினால் கதவு இடுக்கு மேலே நூலாகவும் கீழே விரலாகவும் நிற்கும்.

ஊரிலிருந்து கொண்டுவந்த ஸ்பேனர் செட் போதுமா?

போதாது. இந்தக் கார்கள் எல்லாம் அங்குல அளவு. 7/16க்கு 11 மில்லிமீட்டரும் அரை அங்குலத்துக்கு 13உம் ஏறத்தாழப் பொருந்தும். ஆனால் எங்கு பார்த்தாலும் இருக்கும் 9/16க்கு 14 ஏறாது, 15 வழுக்கித் தலையை உருட்டிவிடும். அங்குல செட் ஒன்று வாங்குங்கள். காரைத் தூக்கினால் ஜாக் ஸ்டாண்ட் வைத்துத்தான் அடியில் போக வேண்டும். கான்கிரீட் பிளாக் வைக்காதீர்கள், அது எச்சரிக்கையே இல்லாமல் நொறுங்கும்.

டிங்கரிங், வெல்டிங் நானே செய்யலாமா? பெயின்ட்?

தரைத் தகடு, டிக்கித் தரை, கீழ் ஒட்டுகள் எல்லாம் பழகினால் செய்யலாம். 1969 கமாரோவுக்குத் தகடுகள் மட்டுமல்ல, முழு பாடியே புதிதாகச் செய்து விற்கிறார்கள். மிக் வெல்டரில் 0.023 அங்குலக் கம்பி, 75-25 ஆர்கான் கலவை வாயு. தொடர்ந்து கோடு இழுத்தால் தகடு சூட்டில் நெளியும். ஒரு பொட்டு வைத்து, எதிர் ஓரத்தில் இன்னொரு பொட்டு, கை வைத்துப் பார்த்துச் சூடு ஆறியதும் அடுத்தது. ஒரு சாண் ஒட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகட்டும், பரவாயில்லை.

என் பானெட்டை மணல் அடித்துச் சுத்தம் செய்ய ஒரு பட்டறையில் கொடுத்தேன். அகலமான தகட்டில் அழுத்தமாக அடித்து, நடுவில் அப்பளம் போல உப்பவைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். சரிசெய்யவே முடியவில்லை. சட்டம், சஸ்பென்ஷன் கைகள் போன்ற கனமான இரும்புக்கு மணல் சரி. பானெட், கூரை, கதவுத் தோலுக்குக் கெமிக்கலோ கையால் தேய்ப்பதோதான்.

கூரையும் பின் மட்கார்டும் சேரும் இடத்தில் தொழிற்சாலையில் ஈயம் பூசியிருப்பார்கள். அதைக் கிரைண்டரில் தேய்த்தால் ஈயத் தூசு மூச்சில் போகும். குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தத் துணியோடு உள்ளே வராதீர்கள். இன்றைய இரண்டு பாக பெயின்ட்டின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடி இல்லாமல் அதை அடிக்கக் கூடாது. அதனால் எபாக்ஸி பிரைமருக்குத் தகட்டைத் தயார் செய்வது வரை என் வேலை, ஸ்பிரே எல்லாம் அதற்கான வசதி உள்ளவரிடம்.

எந்த ஆயில் ஊற்றுவது?

இந்த இன்ஜின்களில் கேம் ஷாஃப்டும் டாப்பெட்டும் தட்டையாக உரசுபவை. துத்தநாகமும் பாஸ்பரசும் கலந்த ஒரு சேர்மானம்தான் அந்த உரசலைத் தாங்குகிறது. புதுக் கார்களின் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்காக இன்றைய சாதாரண ஆயில்களில் பாஸ்பரசைச் சுமார் 800 பிபிஎம் (பத்து லட்சத்தில் 800 பங்கு) அளவுக்குக் குறைத்துவிட்டார்கள். பழைய கார்களுக்கென்று 1000 பிபிஎம்முக்கு மேல் வைத்து விற்கும் ஆயில் வாங்குங்கள்.

புதுக் கேம் போட்டால் முதல் அரை மணி நேரம்தான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கும். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் உடனே 2000 ஆர்பிஎம்முக்கு மேல் ஏற்றி, 20 முதல் 30 நிமிடம் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். டைமிங், பெட்ரோல், தண்ணீர் எல்லாம் அதற்கு முன்பே சரியாக இருக்க வேண்டும்.

பிரேக்கை டிஸ்க்காக மாற்ற வேண்டுமா?

1966 வரை வந்த பல கார்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன். ஒரு ஹோஸ் வெடித்தால் மொத்தமும் போய்விடும். அப்படி ஒரு கார் இருந்தால் இரட்டை மாஸ்டர் சிலிண்டரை உடனே போடுங்கள். 1967இலிருந்து இரட்டையாகவே வந்தது.

டிரம் பிரேக் நன்றாக வைத்திருந்தால் ஒரு முறை நன்றாகவே நிறுத்தும். இறக்கத்தில் திரும்பத் திரும்ப மிதித்தால்தான் சூடேறி விட்டுக்கொடுக்கும். நான் முன் சக்கரத்துக்கு மட்டும் டிஸ்க் போட்டேன். பழைய டிரம் மாஸ்டர் சிலிண்டரையே வைத்துக்கொண்டால் அதன் உள்ளிருக்கும் வால்வு லைனில் அழுத்தத்தைப் பிடித்துவைத்து, டிஸ்க் உரசிக்கொண்டே இருக்கும். டிஸ்க்-டிரம் மாஸ்டரும் அளவு பிரிக்கும் வால்வும் சேர்த்து வாங்குங்கள். பழைய ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். கம்ப்ரசர் காற்றால் ஊதாமல் நனைத்துத் துடையுங்கள்.

350 கன அங்குல இன்ஜினுக்கு 750 சிஎஃப்எம் கார்புரேட்டர் போட்டால் பறக்குமா?

பறக்காது, திணறும். சிஎஃப்எம் என்றால் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்பது. கணக்கு எளிது: கன அங்குலத்தை உச்ச ஆர்பிஎம்மால் பெருக்கி 3456ஆல் வகுக்க வேண்டும். 350ஐ 5500ஆல் பெருக்கி வகுத்தால் சுமார் 557. சாதாரண இன்ஜின் அதில் 85 சதவீதம்தான் இழுக்கும், அதாவது 473. வீதியில் ஓட்டுபவருக்கு 600 தாராளம். பெரிய கேமிலும் இதே கதை. கடாமுடா ஐடில் காதுக்கு இனிமைதான், ஆனால் வாக்குவம் குறைந்து பவர் பிரேக் கல்லாகிவிடும்.

ஹைவேயில் இன்ஜின் கத்துகிறது, என்ன செய்யலாம்?

குதிரைத்திறன் கூட்டுவதைவிட, அதே வேகத்தில் இன்ஜினை மெதுவாகச் சுற்றவிடும் ஓவர்டிரைவ் கியர் போடுவதுதான் இந்தக் கார்களின் வாழ்க்கையை மாற்றும். பின் அச்சில் 3.73 கிரவுன் விகிதம், 26 அங்குல டயர் என்றால் மணிக்கு 70 மைலில் இன்ஜின் சுமார் 3370 ஆர்பிஎம் சுற்றும். 700ஆர்4 கியர் பாக்ஸின் ஓவர்டிரைவ் 0.70. அதே வேகத்துக்கு 2360 போதும். முதல் கியரும் 3.06, சிக்னலில் கிளம்பும்போதே வித்தியாசம் தெரியும். கார்புரேட்டரோடு இணையும் டிவி கேபிளை (த்ராட்டில் வால்வு கேபிள்) மட்டும் சரியாக வையுங்கள். அது தளர்ந்திருந்தால் உள்ளே அழுத்தம் இல்லாமல் சில மைலிலேயே கிளட்ச் கருகிவிடும்.

ஜெனரல் மோட்டார்ஸின் புதுக்கால வி8ஆன எல்எஸ் இன்ஜின் மாற்றினால் காரைக் கெடுத்ததாகுமா?

எந்தக் கார் என்பதைப் பொறுத்தது. 302 இன்ஜினோடு பிறந்த இசட்/28இல் கை வைக்காதீர்கள். 1969இல் வந்தவை 20,302 மட்டுமே. என்னுடையது மாதிரி சாதாரண 307, அல்லது இன்ஜினே இல்லாத காரென்றால் தாராளமாகச் செய்யலாம். 1997 கார்வெட்டில் வந்த எல்எஸ்1 5.7 லிட்டரில் 345 குதிரைத்திறன், அதுவும் புதுக் கணக்குப்படி. இன்ஜின் விலையோடு முடியாது: பெட்ரோல் பம்ப், கம்ப்யூட்டர், வயரிங், மவுண்ட், குறுக்குச் சட்டத்தில் இடிக்காத ஆயில் பான் எல்லாம் சேரும். என் ஒரே வேண்டுகோள், பழைய பிளாக்கை எண்ணெய் தடவிச் சுற்றி மூலையில் வையுங்கள், பாடியில் புதுத் துளை போடாதீர்கள். உங்களுக்குப் பின் வருபவர் திருப்பி மாட்ட நினைக்கலாம்.

வயரிங்?

50 வருட வயர் வளைத்தால் உடையும். முழு ஹார்னஸ், அதாவது காரின் மொத்த வயர் கட்டும், புதிதாகக் கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள். ஹெட்லைட் மின்சாரம் முழுக்க டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே போகும்படி அன்று செய்தார்கள். ரிலே போட்டால் சுவிட்ச் சூடாகாது, வெளிச்சமும் கூடும். கிரைஸ்லர் காரென்றால் அம்மீட்டர் வயர் ஃபயர்வாலைக் கடக்கும் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். அது உருகிய கார்கள் ஏராளம்.

குழந்தைகளை இதில் ஏற்றலாமா?

பெற்றோர் கேட்கும்போது மழுப்பாமல் சொல்கிறேன். 1969 கமாரோவின் பின் சீட்டில் இடுப்பு பெல்ட் மட்டும்தான். சைல்டு சீட்டின் மேல்வாரை மாட்டும் கொக்கி கிடையாது, ஏர்பேக் கிடையாது. முன்னாலும் தோள் பெல்ட் தனி, இடுப்பு பெல்ட் தனி, மாட்ட அலுப்பாக இருக்கும் என்பதால் பலர் தோள் பெல்ட்டை மாட்டுவதே இல்லை. தானாகச் சுருளும் மூன்று முனை பெல்ட் செட் இந்தக் காருக்கென்றே கிடைக்கிறது. முன்னும் பின்னும் அதைப் பலமான இடத்தில், அடியில் தடித்த தகடு கொடுத்துப் பொருத்தினேன். பின் சீட்டுக்குப் போட்ட பிறகுதான் மகளை ஏற்றினேன். அப்போது அவளுக்கு 10 வயது, சைல்டு சீட் காலம் முடிந்திருந்தது. ஹைவேயில் அவளோடு போவதில்லை. ஊருக்குள், பகலில், ஏரிக்கரை வரை எட்டு மைல். ஜன்னலை இறக்கிவிட்டு, சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் அதிர்வில் கண்ணாடி நடுங்குவதைக் கை வைத்துப் பார்ப்பாள்.